என்எம்ஆர் லேப்பில் நடந்ததைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். என்எம்ஆர் என்பது சாம்பிளைப் பலமான காந்தத்துக்குள் வைத்து, மூலக்கூறின் அமைப்பைப் பீக்குகளாகக் காட்டும் கருவி. காப்பரை வினையூக்கியாக வைத்து ட்ரையசோல் (மூன்று நைட்ரஜன் உள்ள ஐந்தணு வளையச் சேர்மம்) செய்துகொண்டிருந்த சமயம். டிஎல்சியில் (பொருள் சுத்தமா என்று பார்க்கும் தட்டுச் சோதனை) ஒரே புள்ளி, தூள் மட்டும் லேசாகப் பச்சை தட்டியிருந்தது. 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் புரோட்டான் ஸ்பெக்ட்ரம் (ஹைட்ரஜன் அணுக்கள் காட்டும் பீக்குகள்) எடுத்தால், கூராக நிற்க வேண்டிய பீக் எல்லாம் மேடு மேடாகப் பரந்து கிடக்கிறது, 7.7 பிபிஎம் (பீக்கின் இடத்தைச் சொல்லும் அளவு) பக்கம் வர வேண்டிய வளையப் புரோட்டானைக் காணவே காணோம். கைடு பார்த்துவிட்டு, ரியாக்‌ஷனே நடக்கவில்லை, திரும்பப் போடு என்றார்.

கருவியை இயக்கும் அண்ணா டியூபை வாங்கி ஒரு வெள்ளைத்தாள் முன்னால் பிடித்துப் பார்த்தார். "லாக் பிடிக்குது, ஷிம்தான் படுத்துது. காப்பர் ஒட்டிக்கிட்டிருக்கு தம்பி." லாக் என்றால் காந்தப்புலம் நகராமல் பிடித்து வைப்பது, ஷிம் என்றால் அதைச் சீராக்குவது. விஷயம் இதுதான்: காப்பர் இரண்டு அயனியில் ஜோடி சேராத எலக்ட்ரான் ஒன்று இருக்கிறது, அது பக்கத்துப் புரோட்டான்களை வேகமாகத் தளரவைக்கும் (தூண்டிய நிலையிலிருந்து பழைய நிலைக்குத் திரும்பவைக்கும்), தளர்வு வேகமாக வேகமாக பீக் அகலமாகும். ட்ரையசோல் நைட்ரஜன் வேறு காப்பரை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் அந்த வளையப் புரோட்டானுக்குத்தான் முதல் அடி. காப்பரைப் பிடித்து இழுத்துக்கொள்ளும் இடிடிஏ கரைசலில் கழுவச் சொன்னார். பிரிபுனலைக் குலுக்கி நிறுத்தியதும் நீர் அடுக்கு வெளிர் நீலமாக மாறியது. அப்புறம் எடுத்த ஸ்பெக்ட்ரத்தில் அந்தப் பீக் நெட்டுக்குத்தாக நின்றது. ரியாக்‌ஷன் முதலிலேயே ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது!

*

நான் அந்த அண்ணா மாதிரி கருவியை இயக்கும் பக்கத்து ஆள், லேப் பொறுப்பு. கரையாத தூள் மிதக்கிற டியூபைத் திருப்பிக் கொடுத்தால் கோபித்துக்கொள்கிறார்கள், மிதக்கிற துகள் காந்தப்புலத்தின் சீரையே கெடுக்கும் என்றால் காதில் விழுவதில்லை. பஞ்சில் வடிகட்ட எவ்வளவு நேரம் ஆகும்? இன்னொன்று, டியூட்டரேட்டட் குளோரோஃபார்மில் (சாம்பிளைக் கரைக்கும் என்எம்ஆர் கரைப்பான்) எடுத்த ஸ்பெக்ட்ரத்தில் 1.26, 2.05, 4.12 பிபிஎம் மூன்றும் சேர்ந்து வந்தால் அது சாம்பிளில் மிஞ்சிப்போன கரைப்பான், எத்தில் அசிடேட். அதையும் தன் மூலக்கூறில் எங்காவது உட்காரவைத்துவிட வேண்டும் என்று மல்லுக்கட்டுகிறவர்கள் தயவுசெய்து வேக்வத்தில் இன்னும் கொஞ்ச நேரம் போட்டு எடுத்து வாருங்கள்.

*

எங்கள் கட்டடத்தில் ஒருநாள் கரண்ட் போனது. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன், கருவிதான் நின்றுவிட்டதே என்று ஸ்பேனர் பெட்டியோடு நேராக உள்ளே நடக்க, கதவருகே இருந்த மேடம் போட்ட சத்தம் மாடி வரை கேட்டது. அது மீக்கடத்திக் (மின்தடையே இல்லாத) காந்தம், சுருள் 4.2 கெல்வினில் திரவ ஹீலியத்துக்குள் கிடக்கிறது, ஒருமுறை ஏற்றிய மின்னோட்டம் வெளிக் கரண்ட் இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கும். தரையில் 5 காஸ் கோடு (காந்தப்புலம் 5 காஸ் அளவுக்கு இருக்கும் எல்லை) போட்டு, பேஸ்மேக்கர் வைத்தவர்கள் தாண்டக்கூடாது என்று எழுதியிருப்பது ராத்திரி பகல் எப்போதும் பொருந்தும். மனிதர் பெட்டியை வராந்தாவில் வைத்துவிட்டு, பாக்கெட்டிலிருந்த டெஸ்டரையும் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

காந்தத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, கம்ப்யூட்டர் அணைந்ததில் முந்தின ராத்திரியிலிருந்து ஓடிக்கொண்டிருந்த என் கார்பன் ஸ்பெக்ட்ரம் போனது. என்எம்ஆரில் தெரிகிற கார்பன் 13 இயற்கைக் கார்பனில் 1.1 சதவீதம்தான், சாம்பிளும் கையில் கொஞ்சம்தான், ராத்திரி முழுக்க ஓட்டினால்தான் பீக் தெரியும், வேறு வழியில்லாமல் மறுபடி ராத்திரி ஸ்லாட்டுக்குப் பெயர் கொடுத்தேன்.