மிஸ் தைத்த பாவைப்பிள்ளைகள்

யாழ்ப்பாணத்து உடுவிலில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வளவு தள்ளி மிஸ் இருந்தார். ஊரே அவரை மிஸ் என்றுதான் கூப்பிடும். கல்யாணம் கட்டவில்லை. இருபது வயதில் கிறிஸ்தவ மிஷன் வேலைக்குப் போனவர், கண் மங்கும் வரை அதை விடவில்லை. நாங்கள் சைவம். நான் தையல் பழக அவரிடம் போகும்போதெல்லாம், "போறது சரி, வேதத்துக்கு மாறிப்போடாதை" என்று அம்மா படலையில் நின்று சொல்லி அனுப்புவா.

1995 ஒக்டோபர் 30 இரவு, போரில் இராணுவம் நெருங்கி வர, எங்கள் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்து கிளம்பியது. மழை. நாவற்குழிப் பாலத்தடியில் சனம் நெருக்கியடித்து நின்றது. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நாங்கள் ஒதுங்கிய பிறகுதான் மிஸ்ஸைக் கண்டேன். கையில் ஒரு வேதப்புத்தகமும் ஒரு பிஸ்கற் பேணியும். பேணிக்குள் ஊசி, நூல், கத்தரிக்கோல்.

மூன்றாம் நாளே பொம்மை செய்யத் தொடங்கிவிட்டார். யாரோ சுமந்து வந்த தலையணை மழையில் ஊறிக் கிடந்தது. அதைப் பிரித்துப் பஞ்சை வெயிலில் காயப்போடச் சொன்னார். உடம்புக்குப் பழைய வேட்டித் துணி, சட்டைக்குக் கிழிந்த சேலைத் தலைப்பு, தலைமயிருக்குக் கறுப்பு நூல். கழுத்தில்தான் வித்தை இருக்கிறது. பஞ்சை இறுக்கி அடைக்காவிட்டால் இரண்டு நாளில் தலை தொங்கிவிடும். மிஸ் ஈர்க்குக் குச்சியின் மழுங்கிய பக்கத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குத்தி அடைப்பார். கண்ணுக்குப் பொத்தான் வைக்க விடமாட்டார், குழந்தை பிடுங்கி விழுங்கிவிடும் என்று. எல்லாம் நூல்தான். பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் தட்டுப்பாடான காலம்; ஜாம் போத்தலில் திரி போட்ட விளக்கின் வெளிச்சத்தில் அந்தக் கண்களைத் தைத்தோம்.

கண்ணை எப்போதும் கடைசியில்தான் வைப்பார். "எங்கடை கோயில்லையும் விக்கிரகத்துக்குக் கண் திறக்கிறது கடைசியிலைதான் மிஸ்" என்றேன். ஊசியை நிறுத்தி என்னைப் பார்த்தார். "அப்பிடியே? எனக்குத் தெரியாது பிள்ளை" என்றார். அடுத்த பொம்மையை என்னிடம் தந்து, "இது எந்தப் பிள்ளைக்குப் போகுதோ, அதின்ரை அம்மாவைப் போலை இருக்கவேணும். பொட்டு வைச்சுவிடு" என்றார். சிவப்பு நூலில் நான் தைத்த முதல் பொட்டு அது. மண்டபத்தில் அழுதபடியே இருந்த ஒரு சின்னப் பெண், அதைக் கட்டிக்கொண்டு அன்று நித்திரையானாள்.

பிறகொரு நாள் நேராகவே கேட்டேன், ஏன் என்னை ஒருமுறைகூட சேர்ச்சுக்கு வா என்று சொன்னதில்லை என்று. "நீ கேட்டால் சொல்லுவன். கேளாமல் சொல்லமாட்டன். ஆனால் நாள்தோறும் உனக்காகச் செபிக்கிறன், அதை ஒளிக்கமாட்டன்" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. பிறகு கேட்டேன், சொன்னார். நான் சைவமாகவே இருந்தேன், அவர் செபித்துக்கொண்டே இருந்தார். அதற்காக இருவருக்கும் மனத்தாங்கல் வந்ததே இல்லை.

அமெரிக்க மிஷனின் எலைசா அக்னியூவைப் பற்றி நிறையச் சொல்லுவார். 1840இல் வந்து, உடுவில் மகளிர் பள்ளியில் ஏறக்குறைய நாற்பது வருடம் படிப்பித்து, தன் நாட்டுக்குத் திரும்பாமலே 1883இல் மானிப்பாயில் கண்மூடியவர். ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய் என்று அவரைச் சொல்வார்களாம். அதைச் சொல்லும்போது மிஸ்ஸின் குரல் தாழ்ந்துவிடும். தனக்கும் அப்படியொரு ஆசை இருந்தது என்று நினைக்கிறேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் சனிக்கிழமைகளில் அவர் வீட்டு விறாந்தையில் இருந்து தைத்தோம். கடைசிக் காலத்தில் அவருக்கு ஊசிக் காது தெரியாது. நான் நூல் கோர்த்துக் கொடுப்பேன், அவர் விரலால் தடவிக் கழுத்துத் தையலின் இறுக்கத்தைப் பார்ப்பார். "இன்னும் ரெண்டு பஞ்சு" என்பார். அம்மா அந்த நாளில் படலையில் நின்று எச்சரிப்பதை நிறுத்தியிருந்தா. தோசை சுட்டு என் கையில் மிஸ்ஸுக்கும் கொடுத்துவிடுவா.