பழைய புல்லட் 350, வலது பக்க 4 கியர்: சூடானதும் நியூட்ரல் விழவில்லை, 2க்கும் 3க்கும் நடுவே காலியாகப் போகிறது

செம்மண்_காரைக்குடி:
வணக்கம். வண்டி 90களில் வந்த புல்லட் 350. வலது காலில் கியர், 1 மேலே, மற்ற 3 கீழே. மழை இல்லாத மாதங்களில் கண்மாய்க்குள்ளும் செம்புறாங்கல் மேட்டிலும் ட்ரயல்ஸ் பாணியில் மெதுவாக ஓட்டுவதற்காக முன் ஸ்பிராக்கெட்டில் பல் குறைத்து, ஃபுட்ரெஸ்டைப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறது. அந்த வேலைக்குப் பிறகுதான் இதெல்லாம்:

வண்டி சூடானதும், நின்ற இடத்தில் என்ஜின் ஓடும்போது நியூட்ரல் விழுவதே இல்லை. 1, 2, திரும்ப 1 என்று தாவுகிறது. என்ஜினை அணைத்து வண்டியை முன்னே பின்னே உருட்டினால் உடனே விழுகிறது.

குதிகால் லிவரை (நியூட்ரல் ஃபைண்டர்) 3லிருந்து மிதித்தால் நியூட்ரலில் நிற்காமல் 1க்கே போய்விடுகிறது.

2லிருந்து 3 போடும்போது பத்துக்கு மூன்று தடவை காலி, எந்தக் கியரும் பிடிப்பதில்லை. 3லிருந்து 2க்கு வரும்போது ஒரு தொல்லையும் இல்லை.

பட்டறையில் கியர் பெட்டியை இறக்கச் சொல்கிறார்கள். இறக்கலாமா?

பள்ளத்தூர்_ரைடர்:
இறக்கிடுங்க அண்ணே. டாக் பல் (கியர்களை ஒன்றோடொன்று கோர்க்கும் முட்டு) மழுங்கியிருக்கும். 2019ல் வந்த புல்லட் ட்ரயல்ஸில் இந்தத் தொல்லையே கிடையாது, பெடல் லிங்க்கை ரெண்டு சுற்று திருகினா போதும்.

பழைய_சாவி:
தம்பி, அது 5 கியர், இடது கால், யூனிட் என்ஜின் (என்ஜினும் கியர் பெட்டியும் ஒரே கூட்டில்). அதில் நியூட்ரல் ஃபைண்டரும் இல்லை, வெளியே தனிப் பெட்டியும் இல்லை. இவர் கேட்பது பர்மிங்காம் ஆல்பியன் கம்பெனி வழியில் வந்த கியர் பெட்டி. அங்கே சரியாக இருக்கும் வைத்தியம் இங்கே ஒட்டாது.

செம்மண், இறக்காதீங்க. நீங்க எழுதியதிலேயே பாதி விடை இருக்கு. என்ஜின் நின்றால் நியூட்ரல் விழுது, ஓடினால் விழல. அப்போ பெட்டிக்குள்ளே கியரைத் தேர்ந்தெடுக்கும் பாகம் சரி. கிளட்ச் முழுசா விடல, மெயின் ஷாஃப்டை (பெட்டிக்குள் கியர்களைத் தாங்கும் தண்டு) இழுத்துக்கிட்டே இருக்கு. பல்லின் மேல் பாரம் இருக்கும்வரை டாக் நகராது. நீங்க காலால் பலம் கொடுத்தால் ஒரேயடியா அடுத்த கியருக்குத் தாவும். ரெண்டாவது, 2லிருந்து 3க்கு மட்டும் தவறுது, திரும்பி வரும்போது இல்லை. டாக் மழுங்கியிருந்தால் கியர் விழுந்த பிறகு, பாரம் ஏறும்போது வெளியே துள்ளும். விழாமலே போவது வேறு நோய். ஆக உங்களிடம் இருப்பது ஒன்றல்ல, மூன்று சின்னக் கோளாறு. கிளட்ச், ராட்செட் (பெடல் மிதிக்கும்போது பல்லைப் பிடித்துக் கியரை மாற்றும் பாகம்) தகடு, ஃபைண்டர் ஸ்டாப்பர், இந்த வரிசையில் பாருங்க. வரிசை மாறினால் ஒன்றின் கோளாறு இன்னொன்றாகத் தெரியும்.

முதலில் சோதனை. சென்டர் ஸ்டாண்ட், என்ஜின் அணைத்து, 1ல் போட்டு கிளட்ச் லிவரை முழுசா இழுத்துப் பிடிச்சு, பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்க. எண்ணெயின் லேசான பிடிப்பு மட்டும் இருந்தால் சரி. என்ஜின் பிஸ்டனையே தள்ளுவது போல் கனமா இருந்தால் கிளட்ச் விடல. லிவர் முனையில் எத்தனை மில்லிமீட்டர் சும்மா ஆடுதுன்னும் அளந்து எழுதுங்க.

செம்மண்_காரைக்குடி:
சக்கரம் சுற்றுகிறது, ஆனால் கனமாக. லிவர் முனை ஆட்டம் 8 மி.மீ. செயின் கேஸில் (இடது பக்கம் கிளட்ச் இருக்கும் கூடு) 90 கியர் ஆயில் ஊற்றியிருப்பதாகச் சொன்னார்கள்.

பழைய_சாவி:
ரெண்டுமே காரணம்தான்.

ஆட்டம் 2 முதல் 3 மி.மீ. போதும். 8 இருந்தால், நீங்க லிவரைக் கைப்பிடி வரை இழுத்தாலும் பிளேட்டுகள் முழுசா விலகாது. சூடேறினால் இன்னும் மோசமாகும்: அலுமினியப் பெட்டி விரியும் அளவுக்கு உள்ளே கிளட்சைத் தள்ளும் எஃகு ராடு விரியாது, அதனால் ஆட்டம் கூடும். ட்ரயல்ஸ் ஓட்டத்தில் அரைக் கிளட்சிலேயே ஊர்வதால் பிளேட்டும் காயும். காலையில் ஒழுங்காக இருந்து பத்து நிமிடத்தில் மக்கர் பண்ணுவது இதனால்தான்.

சரி செய்ய, ஹேண்டில் பக்கக் கேபிள் அட்ஜஸ்டரை முழுசா உள்ளே திருகித் தளர்த்துங்க. வலது பக்கம் கியர் பெட்டி மூடியில் சின்ன மூடி ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் லாக் நட்டோடு ஒரு ஸ்க்ரூ. லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூ ராடைத் தொடும்வரை விரலால் உணர்ந்து திருகி, தொட்டதும் கொஞ்சம் பின்னே எடுத்து லாக் நட்டை இறுக்குங்க. மீதியைக் கேபிளில் 2–3 மி.மீ.க்குக் கொண்டு வாங்க. ஆட்டமே இல்லாமல் வைக்கவும் கூடாது. எந்நேரமும் தேய்ந்து ராடின் முனை சூடாகி, மென்மையாகி, காளான் மாதிரி விரிந்துவிடும். பிறகு எத்தனை தடவை அட்ஜஸ்ட் செய்தாலும் ஒரு வாரம் தாங்காது.

அடுத்து எண்ணெய். 90 ஆயில் பிளேட்டுகளைப் பசை மாதிரி ஒட்டும். அதை வடித்துவிட்டு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கான எண்ணெய்) அல்லது 20டபிள்யூ50 என்ஜின் ஆயிலை லெவல் ஸ்க்ரூ துளையில் வழியும்வரை ஊற்றுங்க, அதற்கு மேல் வேண்டாம்.

கேஸ் திறந்திருக்கும்போதே செய்ய வேண்டியது ஒன்று. லிவரை இழுத்துப் பிடிச்சு, கிக்கரை மெதுவா அழுத்தி, பிரஷர் பிளேட்டைப் பக்கவாட்டிலிருந்து பாருங்க. நேராக எழும்பணும். உருளும் தட்டு மாதிரி ஒரு பக்கம் முன்னாடி, ஒரு பக்கம் பின்னாடி வந்தால் மூன்று ஸ்பிரிங்கும் ஒரே இறுக்கத்தில் இல்லை. தாழ்ந்து நிற்கும் பக்கத்து ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் தளர்த்தி மறுபடி பாருங்க. ஸ்பிராக்கெட் மாற்றக் கிளட்சைக் கழற்றியே ஆகணும், அதனால் இது கலைந்திருக்க நிறைய வாய்ப்பு. கிளட்ச் கூடையின் காதுகளில் பிளேட் முட்டி முட்டிப் பள்ளம் விழுந்திருக்கான்னு நகத்தால் தடவிப் பாருங்க. இருந்தால் சின்ன அரத்தால் சமப்படுத்தணும். என்ஜினையும் கிளட்சையும் இணைக்கும் பிரைமரி செயின் மிக இறுகிய இடத்தில் 6 மி.மீ. ஆடணும்.

ஒரு கேள்வி. ஸ்பிராக்கெட் மாற்ற இடது பக்கம் திறந்தால் போதும். வலது பக்கம் எதையாவது தொட்டார்களா?

செம்மண்_காரைக்குடி:
ஆமாம். குதிகால் லிவர் செம்மண் புகுந்து இறுகியிருந்தது. பெடலையும் லிவரையும் கழற்றி, அந்தப் பக்க மூடியைத் திறந்து துடைத்தார்கள்.

தேவகோட்டை_ஸ்பேனர்:
அங்கேதான் தகடு நகர்ந்திருக்கு. மூடிக்குள்ளே ராட்செட் இருக்கும், அதை வழிநடத்தும் தகட்டை இரண்டு போல்ட் பிடிச்சிருக்கும், துளைகள் நீளமானவை. துடைக்கிறவர் போல்ட்டைத் தளர்த்தியிருந்தால் தகடு எங்கே வேண்டுமானாலும் நின்றிருக்கும். அது ஒரு பக்கம் தள்ளி நின்றால், ஒரு திசையில் ராட்செட் பல்லைப் பிடிக்கும், மறு திசையில் குறைவாகப் பிடிக்கும். கியர் ஏற்றும்போது காலி, இறக்கும்போது சரி என்ற உங்கள் அறிகுறி அப்படியே பொருந்துது.

2ல் போடுங்க (3லும் செய்யலாம்). பெடலை விரலால் மேலே தூக்கி, பிடிப்பு வரும்வரை எத்தனை தூரம் சும்மா போகுதுன்னு பாருங்க. பிறகு கீழே. ரெண்டும் சமமா இருக்கணும். இல்லைன்னா போல்ட்டைக் கால் சுற்றுத் தளர்த்தி, தகட்டை ஒரு மி.மீ. நகர்த்தி, இறுக்கி, மறுபடி பார்க்கணும். ஒரு மி.மீ.க்கு மேல் ஒரே தடவையில் நகர்த்தினால் கணக்குத் தப்பிடும். ஒவ்வொரு தடவையும் 1லிருந்து 4, 4லிருந்து 1 என்று எல்லாவற்றையும் போட்டுப் பாருங்க, ஆனால் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கிட்டே. நின்ற சக்கரத்தில் டாக்கின் தலையும் தலையும் முட்டி நிற்கும்; அட்ஜஸ்ட்மென்ட் தப்புன்னு நினைச்சு சரியா இருப்பதையும் கெடுத்துடுவீங்க.

பெடல் தானாக நடுவுக்குத் திரும்பலைன்னா ஸ்பிரிங் சோர்ந்திருக்கு, அல்லது புஷ்ஷில் மண். மண் என்றால் மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய். அங்கே கிரீஸ் அப்பினால் அடுத்த கண்மாயில் அதுவே செம்மண்ணைப் பிடிச்சு அரைக்கும்.

செம்மண்_காரைக்குடி:
இரண்டும் செய்தாயிற்று. பிரஷர் பிளேட் ஒரு பக்கம் சாய்ந்துதான் எழுந்தது. ஒரு ஸ்க்ரூ ஒரு சுற்று அதிகம் இறுகியிருந்தது. ஏடிஎஃப் ஊற்றி, ஆட்டம் 3 மி.மீ. வைத்தேன். சூடான பிறகும் நியூட்ரல் விழுகிறது. பெடல் மேலே 5 மி.மீ., கீழே 12 மி.மீ. இருந்ததை இரண்டு தடவையில் சமமாக்கினேன். 3 இப்போது தவறுவதில்லை, மேடு ஏறும்போது எப்போதாவது ஒன்று தவிர. குதிகால் லிவர் மட்டும் இன்னும் 1க்குப் போகிறது. கியர் பெட்டியில் என்ன ஊற்றுவது?

பழைய_சாவி:
மேட்டில் தவறுவதற்குப் பெட்டியைக் குறை சொல்ல வேண்டாம். பெடலை அடி வரை அழுத்தி, கிளட்சை விடும்வரை காலை எடுக்காதீங்க. தட்டிவிட்டுக் காலை எடுக்கும் பழக்கம் ஜப்பான் பெட்டிக்குச் சரி, இது நிதானமாகப் போடும் பெட்டி. அப்படியும் தவறினால், அல்லது 3 விழுந்த பின் பாரத்தில் வெளியே துள்ளினால், அப்போதுதான் டாக், ஃபோர்க் (கியரை நகர்த்தும் கவட்டை), பிளஞ்சர் ஸ்பிரிங் (கியரை அதன் இடத்தில் பிடித்து வைப்பது) பற்றி யோசிக்கணும். கியரை மாற்றுவதானால் கடிக்கும் ஜோடி இரண்டையும் சேர்த்து மாற்றணும், ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைத் தின்னும்.

பெட்டிக்கு அரைத் திரவக் கிரீஸ், 00 எண். கெட்டியான சேசிஸ் கிரீஸ் வேண்டவே வேண்டாம். பல் அதில் வாய்க்கால் வெட்டிக்கொண்டு சுழலும், கிரீஸ் திரும்பி வந்து விழாது, புஷ் வறண்டு போகும். 90 ஆயில் பெட்டிக்குக் கெடுதல் இல்லை, ஆனால் ஸ்லீவ் கியர் (முன் ஸ்பிராக்கெட் மாட்டியிருக்கும் கியர்) வழியாகக் கசிந்து செயின் மேல் வரும். பழையதை வடிக்கும்போது ஒரு வெள்ளைத் துணியில் பிடிங்க. சாம்பல் நிறக் குழம்பு இயல்பு. நகக்கண் அளவு சில்லு வந்தால் படம் போடுங்க.

இனி குதிகால் லிவர். அது 2, 3, 4லிருந்து ஒரே திசையில் தள்ளி நியூட்ரலில் நிறுத்தும் கருவி. 1 நியூட்ரலுக்கு அந்தப் பக்கம் இருப்பதால் 1லிருந்து அது வேலை செய்யாது, அது கோளாறில்லை. எங்கே நிற்கணும் என்பதைப் பெட்டி மூடியின் முன்பக்கம் ஒரு போல்ட்டில் பிடித்த எக்சென்ட்ரிக் ஸ்டாப்பர் தீர்மானிக்குது, வட்டமான துண்டு, துளை நடுவில் இருக்காது. லிவர் கூடுதல் தூரம் போவதால்தான் 1க்குத் தாவுது. போல்ட்டைத் தளர்த்தி, ஸ்டாப்பரைக் கொஞ்சம் திருப்பி, லிவர் முன்னாடியே முட்டும்படி வைங்க. குறைத்தது அதிகமானால் 2லேயே நிற்கும். 4லிருந்தும் 2லிருந்தும் ரெண்டையும் சோதிச்சு, ரெண்டிலும் நியூட்ரல் விழும் இடத்தில் இறுக்குங்க.

பள்ளத்தூர்_ரைடர்:
ஃபுட்ரெஸ்ட் பின்னால் போனதால் குதிகால் எட்டுமா அண்ணே?

பழைய_சாவி:
எட்டாது. கால் ஊன்றாமல் கடக்க வேண்டிய ட்ரயல்ஸ் செக்‌ஷனுக்குள்ளே நியூட்ரல் தேவையும் இல்லை. ஆங்கிலேய ட்ரயல்ஸ் வீரர் ஜானி பிரிட்டன் 1952ல் ஸ்காட்லாந்து ஆறு நாள் ட்ரயலைப் புல்லட்டில் ஜெயிச்சதும் குதிகால் லிவரால் அல்ல. செக்‌ஷன் முடிந்து நிற்கும்போது காலை எடுத்து மிதித்தால் போதும். லிவரை நீட்டி வெல்டு வைக்காதீங்க, கல்லில் முட்டினால் மூடியே உடையும்.

செம்மண்_காரைக்குடி:
ஸ்டாப்பரைச் சுமார் கால் சுற்றுத் திருப்பினேன். 4, 3, 2 மூன்றிலிருந்தும் நியூட்ரல். வடித்த துணியில் சாம்பல் குழம்பு மட்டும், சில்லு இல்லை. ஸ்டாப்பர் போல்ட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர் இல்லாமல்தான் வந்திருக்கிறது.

தேவகோட்டை_ஸ்பேனர்:
இன்றைக்கே ஒன்று போடுங்க. தகட்டின் ரெண்டு போல்ட்டுக்கும் இருக்கான்னும் பாருங்க.