மகளின் கல்யாண கவுனை யாருக்கு, எப்படிக் கொடுப்பது?

தக்கலை அம்மா (கேள்வி)

என் மகளுக்குப் போன ஈஸ்டர் கழிந்து கல்யாணம் நடந்தது. கோயிலில் வெள்ளைக் கவுன், தாலிகட்டு முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் மந்திரக்கோடிச் சேலை, சாயங்காலம் வரவேற்புக்கு மெரூன் நிறப் பட்டு. இப்போது அவள் மாப்பிள்ளையோடு மஸ்கட்டில் இருக்கிறாள். மந்திரக்கோடியை மட்டும் கொண்டுபோனாள். கவுனும் தலையில் போடுகிற நெட்டும் அலமாரிக்கு மேலே பெரிய பிளாஸ்டிக் கவரில் கிடக்கின்றன. "அம்மா, வசதி இல்லாத ஒரு பிள்ளைக்கு அதைக் கொடுத்திருங்க, நான் இனி போடப் போறதில்ல" என்று ஒவ்வொரு தடவை பேசும்போதும் சொல்கிறாள். பட்டையும் சேர்த்தே கொடுக்கச் சொல்கிறாள்.

எனக்கும் அதுதான் ஆசை. வீட்டில்தான் ஆளுக்கொரு பேச்சு. கல்யாண உடுப்பைக் கைமாற்றினால் பிள்ளையின் வாழ்க்கைக்கு ஆகாது என்கிறாள் நாத்தனார். தெருவில் பழைய பட்டு வாங்க வருகிறவரிடம் சேலையைப் போட்டுவிட்டு அந்தப் பணத்தைத் தர்மம் செய் என்கிறார் வீட்டுக்காரர். போட்ட கவுனை இன்னொரு பெண் மனதோடு வாங்குவாளா என்பது என்னுடைய கவலை. வேறு வழி இல்லாமல் வாங்கிப் போட்டாள் என்று ஆகிவிடக் கூடாது.

யாரிடம் கொடுக்கலாம்? கொடுக்கும் முன் என்ன செய்ய வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நாகர்கோவில் டீச்சர்

உங்கள் மகளுக்கு நல்ல மனது. உங்கள் கோயில் கத்தோலிக்கப் பங்கு என்றால், ஏழை வீடுகளுக்கு உதவுகிற வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்களிடம் கேளுங்கள். எந்த வீட்டில் கல்யாணம் வருகிறது, எந்த வீட்டில் கை முடை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமார் இருக்கிறார்கள்.

இதையே முழு வேலையாகச் செய்கிறவர்களும் உண்டு. கேரளாவில் மலப்புறம் மாவட்டத்துத் தூதாவில் நாசர் என்பவர் 2020இல் கல்யாண உடுப்புகளுக்காக ஒரு 'டிரெஸ் பேங்க்' தொடங்கினார். போட்ட உடுப்புகளைப் பல இடங்களிலிருந்து வாங்கி, சுத்தம் செய்து, பணமில்லாத வீட்டுப் பெண்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள். சாதி மதம் பார்ப்பதில்லை. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபாம் கடைகள் வேறு வழியில் போகின்றன. தானமாக வந்த கவுன்களைக் குறைந்த விலைக்கு விற்று, அந்தப் பணத்தை ஏழைகளுக்கான வேலைகளில் செலவிடுகிறார்கள்.

வடசேரிக்காரர்

பட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்காரரிடம் இதைக் காட்டுங்கள். தெருவில் வருகிறவர் சேலைக்கு விலை தருவதில்லை, ஜரிகையில் உள்ள வெள்ளிக்குத்தான் தருகிறார். அசல் ஜரிகை என்றால் பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளி இழையைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியிருப்பார்கள். சேலையை எரித்து அந்த வெள்ளியைப் பிரித்தெடுப்பதுதான் அவர் தொழில். இப்போது வருகிற பல சேலைகளில் செம்புக் கம்பியும் பாலியஸ்டர் ஜரிகையும்தான், வெள்ளி இருந்தாலும் மிகக் கொஞ்சம். ஒரே ஒரு சாயங்காலம் உடுத்திய சேலையை அந்த விலைக்கு நெருப்பில் போட மனசு வருமா? உடுத்த ஆள் இருக்கும்போது அது உடுப்பாகவே போகட்டும்.

பாச்சை உருண்டையை ஜரிகைமேல் படும்படி வைத்திருந்தால் உடனே எடுத்துவிடுங்கள், ஜரிகை கறுக்கும். பிரித்து வேறு மடிப்பில் மடித்து, பருத்தித் துணியில் பொதிந்து வையுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் மடிப்போடு கிழியும்.

மார்த்தாண்டம் தையல்காரி

அக்கா, நான் மார்த்தாண்டத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். கல்யாண சீசனில் ஒருத்தி போட்டதை இன்னொருத்திக்கு ஆல்டர் செய்கிற வேலை நிறைய வரும். அதனால் கொடுப்பவர்களையும் பார்க்கிறேன், வாங்குகிறவர்களையும் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாகச் சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த பிளாஸ்டிக் கவரை இன்றைக்கே கழற்றுங்கள். நம்ம ஊருக்கு ஜூனில் தொடங்கும் எடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. கவருக்குள் ஈரம் அடைபட்டால் கரிம்பன், அதாவது கறுப்புப் புள்ளியாகப் பூசணம், அடித்துவிடும். வெள்ளைத் துணியில் விழுந்த கரிம்பன் புள்ளியை முழுதாக எடுக்க என்னால் முடிந்ததில்லை. கவுனை வெளிச்சத்தில் விரித்து அக்குள், கழுத்து, அடிவிளிம்பு மூன்றையும் பாருங்கள். கழுத்தில் மேக்கப் ஒட்டியிருக்கும், அடியில் செம்மண் இருக்கும். கேக் வெட்டும்போது தெறித்த வைனும் ஜூஸும் அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாது. அதிலுள்ள சர்க்கரை மாதக்கணக்கில் கிடந்து பழுப்பாகி வெளியே வரும். ஆகவே கறை இல்லை என்று தோன்றினாலும் கழுவியே ஆக வேண்டும். பிளீச் மட்டும் போடவே போடாதீர்கள். நீலமும் வேண்டாம், திட்டுத்திட்டாக நிற்கும். டிரை கிளீனிங் கொடுக்கும் முன் மணியும் கல்லும் நூலில் தைத்ததா, பசையில் ஒட்டியதா என்று பாருங்கள். ஒட்டியது என்றால் அந்த மருந்தில் பசை கரைந்து கல் உதிரும். அப்படிப்பட்டதை வீட்டிலேயே பெரிய பாத்திரத்தில், மென்மையான திரவ சோப்பு விட்டு, பிழியாமல் அலசி நிழலில் போடுவதுதான் நல்லது.

அளவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். முதுகில் ஜிப் வைத்த கவுன் ஒருத்திக்குத்தான் சரியாக இருக்கும். நான் அந்த ஜிப்பைப் பிரித்து, இரண்டு பக்கமும் துணி வளையம் வைத்து, ரிப்பன் கோர்த்துக் கட்டுகிற மாதிரி மாற்றிவிடுவேன். உள்ளே ஒரு மறைப்புத் துண்டும் வைப்பேன். அப்புறம் 34 இஞ்ச் மார்பளவு உள்ள பிள்ளையும் போடலாம், 38 உள்ள பிள்ளையும் போடலாம். உயரம் குறைந்தவளுக்கு அடியை வெட்டக் கூடாது. உள்ளே மடித்துக் கையால் ஹெம்மிங் பிடித்தால் போதும், அடுத்து வருகிறவளுக்கு அவிழ்த்து இறக்கலாம். உங்கள் தையல்காரர் எவராக இருந்தாலும் இதைச் சொல்லியே கொடுங்கள், ஏனென்றால் வெட்டிய துணி திரும்ப வராது.

பட்டோடு பிளவுஸையும் கொடுப்பீர்கள். ஆரி வேலை செய்த பிளவுஸைப் பிரித்துப் பெரிதாக்குவது கஷ்டம், வேலைப்பாடு தையல் வரைக்கும் ஓடியிருக்கும். சேலைக்குச் சேர்ந்த நிறத்தில் புதிய பிளவுஸ் துணி ஒன்றும், தையல்கூலியும் சேர்த்துக் கொடுங்கள். சேலை இலவசமாக வந்தது, பிளவுஸ் தைக்கக் கையில் காசில்லை என்று தயங்கி நின்ற தாய்மாரை என் கடை வாசலில் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கடைசியாகக் கேட்டதுதான் எனக்குப் பெரிய விஷயம். மனதோடு வாங்குவாளா என்று கேட்டீர்கள். அது பிள்ளை எதைப் பார்க்கிறாள் என்பதில் இருக்கிறது. ஒரே ஒரு கவுனை எடுத்துக் காட்டி "இதுதான் இருக்கு" என்றால், அவளும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அம்மா "கிடைச்சதப் போடு மக்களே" என்பாள். அதே பிள்ளைக்கு நாலைந்து கவுனைத் தொங்கவிட்டு, கண்ணாடி முன்னால் தனியாக விட்டுப் பாருங்கள். கை நீளம் வேண்டும், கழுத்து இறக்கம் வேண்டாம், இந்த நெட் எனக்கு எடுக்காது என்று அவளே பேச ஆரம்பிப்பாள். துணி எடுக்கப் போன எந்தக் கல்யாணப் பெண்ணும் இப்படித்தானே பேசுவாள்? வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு இடம் இருக்க வேண்டும். அதனால் உங்கள் கவுனைத் தனியாக ஒரு வீட்டுக்குக் கொண்டுபோகாமல், பல உடுப்புகள் சேர்கிற ஓர் இடத்தில் கொடுங்கள். பங்கில் அப்படி இடம் இல்லை என்றால், கவுன் வைத்திருக்கிற இன்னும் நாலு வீட்டாரைக் கேட்டு நீங்களே சேர்த்து வையுங்கள்.

இரண்டாவது, போட்டோ. ஒரு குழுவினர் கவுனைக் கையில் கொடுக்கும்போது படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். அந்தப் பிள்ளை கவுனை மடித்துத் திருப்பி அனுப்பிவிட்டு, அக்காவின் பழைய வெள்ளைச் சேலையில் கல்யாணம் கழித்தாள். எனக்கு இன்றும் அதில் ஆத்திரம் உண்டு. உதவியைக் காட்ட வேண்டும் என்றால் உடுப்பைப் படம் எடுங்கள், பிள்ளையை எடுக்காதீர்கள். கோயிலில் அறிவிப்பும் வேண்டாம். அதுபோலத் தக்கலையில் போட்டதைத் தக்கலையிலேயே கொடுக்காதீர்கள். உங்கள் மகளின் கல்யாண வீடியோ பக்கத்து வீட்டுப் போனிலெல்லாம் இருக்கும். கொல்லங்கோடு பக்கமோ குளச்சல் பக்கமோ போகட்டும்.

மூன்றாவது, இரவலாகக் கொடுக்காமல் சொந்தமாகவே கொடுத்துவிடுங்கள். "இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்" என்று நம்ம பாட்டிமார் சொன்னது சும்மா இல்லை. திருப்பிக் கொடுக்க வேண்டிய கவுன் என்றால் கறை படுமோ, கிழியுமோ என்ற பயத்திலேயே பிள்ளை நாள் முழுதும் நிற்பாள். உங்கள் நாத்தனாரிடமும் ஒன்று கேளுங்கள். நம்ம ஊரில் நகை இரவல் வாங்கிக் கழுத்து நிறையப் போட்டு எத்தனை கல்யாணம் நடந்திருக்கிறது? அந்த நகையைக் கொடுத்தவர்கள் குடும்பம் எதுவும் கெட்டுப்போகவில்லை. மந்திரக்கோடி உங்கள் மகளிடம் இருக்கிறது. அது அவளுக்கு உரியது, அங்கேயே இருக்கட்டும்.

நேரமும் பார்க்க வேண்டும். கோயிலில் முதல் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்த பிறகுதான் பலர் உடுப்பு தேடி வருகிறார்கள். ஓலை வாசிக்கிற மூன்று ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு தடவை போட்டுப் பார்த்துத் திருத்துவது நெருக்கடிதான். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், கடையிலும் வேலை குறைவாக இருக்கும். அந்த நாளிலேயே உடுப்புகளைச் சேர்த்துக் கழுவித் தைத்து வைத்தால், ஈஸ்டர் கழிந்து வருகிறவர்களுக்குத் தயாராக இருக்கும்.

கவுன் பழுத்து, இனி கல்யாணத்துக்கு ஆகாது என்றாலும் எறியாதீர்கள். கீழ்ப்பாவாடைத் துணியில் புதுநன்மைக்கு (முதல் நற்கருணைக்கு) போகிற சிறு பிள்ளைகளுக்கு வெள்ளை ஃபிராக் தைக்கலாம், பழுத்த இடத்தை ஒதுக்கிவிட்டாலே துணி போதும். வெள்ளைக் கல்யாணச் சேலை என்றால் கோயிலில் திடப்படுத்தல் சடங்குக்கு நிற்கிற பிள்ளைகளுக்கு ஆகும். அமெரிக்காவில் டெக்சாஸைச் சேர்ந்த 'நிக்யூ ஹெல்பிங் ஹேண்ட்ஸ்' என்ற அமைப்பு, தானமாக வந்த கல்யாண கவுன்களைப் பிரித்து, பிறந்த கையோடு இறந்துபோகும் குழந்தைகளுக்கு அடக்க உடுப்பு தைத்துக் கொடுக்கிறது. தையல்காரியாக அதைப் படித்தபோது அழுதுவிட்டேன். அவ்வளவு சின்ன உடுப்பு கடையில் லேசில் கிடைக்காது.

கடற்கரைப் பெண்

நான் வாங்கிப் போட்டவள். அதனால் சொல்கிறேன். தூத்தூர் பக்கம் எங்கள் ஊர். 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தது. அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம். வீட்டில் யாரும் கவுன் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கான்வென்ட் சிஸ்டர் ஒருத்தர் அம்மாவையும் என்னையும் வேறு ஊருக்குக் கூட்டிப்போய், ஒரு அறையில் கவுன்களைக் காட்டி, "பிடிச்சத எடு, பிடிக்கலன்னா சொல்லு" என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்விட்டார். முழுக்கை வைத்த ஒன்றை எடுத்தேன். யாருடையது என்று இன்று வரைக்கும் தெரியாது, அதுதான் எனக்கு நிம்மதி. தெரிந்திருந்தால் அந்த அக்காவை வழியில் பார்க்கும்போதெல்லாம் தலை குனிந்திருப்பேன்.

அந்தக் கவுனைப் பிறகு என் சித்தி மகளும் போட்டாள். அவளிடமிருந்து எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

தக்கலை அம்மாவிடம் ஒன்று. நெட், கிரீடம், கையுறை இருந்தால் அவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். கவுன் கிடைத்துவிடுகிறது, மற்றதை வாங்கத்தான் அலைய வேண்டியிருக்கிறது. கடைசி வாரத்தில் கையில் பணம் இருக்காது. அதுவும் எங்கள் பக்கம் ஜூன், ஜூலை தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது.

தக்கலை அம்மா

எல்லாருக்கும் நன்றி. தூத்தூர்ப் பிள்ளை எழுதியதை மகளுக்கு அனுப்பினேன், மஸ்கட்டிலிருந்து உடனே போன் செய்தாள். கவரைக் கழற்றிப் பார்த்தேன். கரிம்பன் இல்லை, இடது பக்க அடிவிளிம்பில் மட்டும் செம்மண். மணியெல்லாம் நூலில் தைத்ததுதான். கிரீடமும் கையுறையும் மகளின் பெட்டியில் இருக்கின்றன. எங்கள் அன்பியத்தில் (பங்கில் பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக்குழுவில்) மூன்று வீட்டாரிடம் கேட்டேன், இரண்டு பேர் தருவதாகச் சொன்னார்கள். பட்டு என்னிடம்தான் இருக்கிறது, வீட்டுக்காரர் பேச்சை விட்டுவிட்டார். நாத்தனார் இன்னும் சம்மதிக்கவில்லை, பேசிக்கொண்டிருக்கிறேன்.

தையல்கார அக்கா, ஜிப் மாற்ற உங்களிடமே கொண்டுவரலாமா? கூலி நான் தருகிறேன்.

மார்த்தாண்டம் தையல்காரி

கொண்டு வாங்க அக்கா. மூன்று கவுனையும் சேர்த்தே கொண்டு வாங்க. துணியும் ரிப்பனும் நீங்கள் வாங்கிக் கொடுத்தால் போதும், கூலி வேண்டாம். செம்மண்ணை மட்டும் தண்ணீர் விட்டுத் தேய்த்துவிடாதீர்கள், உள்ளே இறங்கிவிடும். காய்ந்தபடியே பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டுக் கொண்டுவாருங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.