விருது பெற்ற ராணுவ வீரர்களுக்கு ஊரில் நினைவுக்கல்: யார் பேர், எந்த வரிசை, என்ன கல்?

மானூர்க்காரன்:
எங்க ஊர் இளைஞர் மன்றத்துல, தமிழ்நாட்டைச் சேர்ந்த விருது பெற்ற ராணுவ வீரர்கள் பேரைப் பொறிச்சு ஒரு நினைவுக்கல் வைக்க முடிவு பண்ணியிருக்கோம். கருப்பு கிரானைட், 6 அடி உயரம். விலக்குல ரோட்டோரம் இடம் பார்த்திருக்கு. மண்ணு கரிசல். கையில இருக்குற வாட்ஸப் பட்டியல்ல எல்லாருக்கும் ‘மெட்ராஸ் ரெஜிமென்ட்’னு போட்டிருக்கு. அப்படியே பொறிக்கலாமா? வரிசை எப்படி?

படைவீடு:
அந்தப் பட்டியலைக் கல்லுல ஏத்திராதீங்க தம்பி. தமிழர்னா மெட்ராஸ் ரெஜிமென்ட்தான்னு யாரோ நினைச்சு எழுதியிருக்காங்க. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் (பரம் வீர் சக்ரா, இலங்கை, 25.11.1987) 8 மகார், அதாவது மகார் ரெஜிமென்ட்டோட 8-வது பட்டாலியன். மேஜர் மாரியப்பன் சரவணன் (வீர் சக்ரா, கார்கில் போர்ல படாலிக், 1999) 1 பிகார். மேஜர் முகுந்த் வரதராஜன் (அசோக சக்ரா, ஷோபியான், 25.4.2014) ராஜ்புத் ரெஜிமென்ட், அப்போ பணியில இருந்தது 44 ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் (ராணுவத்தோட தீவிரவாத எதிர்ப்புப் பிரிவு). ஹவில்தார் பழனி (வீர் சக்ரா, கல்வான், 15.6.2020) பீரங்கிப் படை, 81 பீல்டு ரெஜிமென்ட். படைப்பிரிவு தப்பாப் போனா அந்த யூனிட் ஆட்களே வந்து நின்னு கேப்பாங்க.

‘தமிழ்நாட்டைச் சேர்ந்த’ன்னா என்னன்னு முதல்லயே தீர்மானம் எழுதிக்கோங்க. பரமேஸ்வரன் பிறந்தது மும்பை, முகுந்த் பிறந்தது கோழிக்கோடு. பிறந்த ஊர்னு கணக்கு வச்சா ரெண்டு பேருமே விட்டுப் போவாங்க. பூர்வீகம் அல்லது குடும்பம் இருந்த ஊர்னு வைங்க. நம்ம பக்கத்து ஆட்களுக்கு ‘பழைய திருநெல்வேலி மாவட்டம்’னு போட்டா 1986-ல பிரிஞ்ச தூத்துக்குடியும் 2019-ல பிரிஞ்ச தென்காசியும் அடங்கிரும்.

விருது வரிசை: பரம் வீர், அசோக, மகா வீர், கீர்த்தி, வீர், சௌர்ய சக்ரா. ஒரே விருதுக்குள்ள தேதி வரிசை. தேதின்னா சம்பவம் நடந்த நாள். முகுந்துக்கு விருது அறிவிச்சது 2014 ஆகஸ்டு, குடும்பத்துக்குக் கொடுத்தது 2015 குடியரசு தினம். மூணையும் கலந்தா வரிசை குழம்பும். சேனா பதக்கம் வீரத்துக்கும் உண்டு, சிறப்பான பணிக்கும் உண்டு. அரசிதழ்ல எதுக்குன்னு பார்த்துச் சேருங்க. பாளையங்கோட்டை பக்கம் விசாரிச்சா முன்னாள் படைவீரர் நல அலுவலகம் சொல்வாங்க. பாதுகாப்பு அமைச்சகத்தோட வீரவிருது இணையதளத்துலயும் பேரைத் தட்டிப் பாருங்க.

உளிச்சத்தம்:
கரிசல்ல 2 அடி தோண்டி கான்கிரீட் போட்டா, ஐப்பசி மழைக்கு மண் உப்பும், சித்திரை வெயிலுக்கு வெடிக்கும், பீடம் ஒரு பக்கம் சாயும். கரிசலை 5, 6 அடி எடுத்துட்டு கிராவல் போட்டு இடிச்சு நிரப்பி அதுமேல அடித்தளம் போடுங்க. கரிசல் அதைவிட ஆழமா இருந்தா அடி அகலிச்ச பைல் (ஆழமாத் துளை போட்டு இறக்குற கான்கிரீட் தூண்)தான் வழி. பீடத்தைச் சுத்தி 3 அடிக்குத் தளம் போட்டு வெளிப்பக்கம் சரிவு கொடுத்தா அடியில தண்ணி இறங்காது.

பலகைக் கல்லை இரும்புக் கம்பியில மாட்டாதீங்க. துருப் பிடிச்சு ஊதி, கல்லோட மூலையைப் பேத்திரும். ஸ்டெயின்லெஸ் பின் போடுங்க, கடலோரம்னா 316 ரகம். பின்னாடி ஈரச் சிமென்ட் அப்பினா கல்லுல வெள்ளையா உப்பு பூக்கும்.

எழுத்து மணல் வீச்சுல 3 மில்லிமீட்டராவது இறங்கணும். லேசர்ல வரையுறது மேல் தோலை வெளுக்க வைக்கிறதுதான். பேர் எழுத்து 1 அங்குலத்துக்குக் குறைஞ்சா ண, ஞ, இ மாதிரி சுழி எழுத்துல நடுத்துண்டு பேந்து ஓட்டையாயிரும். கடைக்கு டைப் பண்ணின வாசகத்தை அனுப்பாதீங்க. அவங்க பழைய எழுத்துருவுக்கு மாத்தும்போது கொம்பு இடம் மாறும், ஜ, ஸ் காணாமப் போகும். பிடிஎப்பா அனுப்பி, கல் அளவுக்கே ஒரு பிரிண்ட் எடுத்து, குடும்பத்துக்காரங்ககிட்ட வாசிக்கக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்க. ஒரு விருதுக்கு ஒரு பலகைன்னு பிரிச்சு வச்சா, புதுப் பேர் வரும்போது அந்த ஒரு பலகையை மட்டும் மாத்தினாப் போதும்.

பொருநைக்கரை:
ரோட்டோரத்தை விட்டுருங்க அண்ணாச்சி. சாலை, நடைபாதை, பொதுப் பயன்பாட்டு இடங்கள்ல சிலைக்கோ கட்டுமானத்துக்கோ அனுமதி தரக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 18.1.2013-ல உத்தரவு போட்டிருக்கு. கட்டின பிறகு எடுக்கச் சொன்னா அந்த வீரர்களுக்குத்தான் அவமானம். தனியார் பட்டா நிலத்தை எழுதி வாங்குங்க. கிராம சபையில தீர்மானம் போட்டு, கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுத்து எழுத்துல அனுமதி வந்த பிறகு வேலையைத் தொடங்குங்க.

அரசோட சிங்க முத்திரை வேண்டாம். 2005 சட்டப்படி தனியார் அதைப் பயன்படுத்த முடியாது. பரம் வீர் பதக்கத்தோட நடுவிலேயே அந்த முத்திரை இருக்கு, அதனால பதக்கப் படத்தையும் செதுக்காதீங்க. ரிப்பன் நிறத்தைப் பட்டையாக் காட்டுங்க: பரம் வீருக்கு முழு ஊதா, மகா வீருக்குப் பாதி வெள்ளை பாதி ஆரஞ்சு, வீருக்குப் பாதி கருநீலம் பாதி ஆரஞ்சு. அசோக, கீர்த்தி, சௌர்ய மூணும் கரும்பச்சை, நடுவுல காவிக்கோடு முறையே ஒண்ணு, ரெண்டு, மூணு.

மானூர்க்காரன்:
ரோட்டோரம் வேண்டாம்னு மன்றத்துல சொல்லிருதேன். இன்னொண்ணு: புல்வாமாவுல உயிர் விட்ட சவலாப்பேரி சுப்பிரமணியன் சிஆர்பிஎப் (மத்திய ரிசர்வ் போலீஸ் படை), ராணுவம் இல்ல. அவரை மாதிரி ஆட்களை எங்க சேர்க்க?

படைவீடு:
அசோக, கீர்த்தி, சௌர்ய மூணும் ராணுவத்துக்கு மட்டும்னு இல்ல. நாடாளுமன்றத் தாக்குதல்ல உயிர் கொடுத்த சிஆர்பிஎப் காவலர் கமலேஷ் குமாரிக்கு அசோக சக்ராதான் கிடைச்சது. காவல் வீரப் பதக்கம் உள்துறை வழியா வரும், அதுக்குத் தனிப் பலகை. நம்ம வட்டாரத்துல பணியில உயிர் நீத்தவங்களுக்கு, விருது உண்டா இல்லையான்னு பார்க்காம, தேதி வரிசையில இன்னொரு பலகை வைங்க. உயரமும் எழுத்தளவும் மத்ததுக்குச் சமமா இருக்கட்டும். சவலாப்பேரியில இருந்து அவங்க வீட்டாள் வந்து தொட்டுப் பார்க்குற உயரத்துல இருக்கணும்.