டிபி2 (ஐபிஎம்மின் டேட்டாபேஸ்) மைக்ரேஷன், ட்யூனிங்: உங்களுக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் அந்த ஒரு இடம் எது? புனைபெயர்களில் வந்த பதில்கள்:

கேட்டலாக்:
மெயின்ஃப்ரேமின் ஜெட்ஓஎஸ் இயங்குதளத்தில் டிபி2 12-லிருந்து 13-க்குப் போக, முதலில் எம்510 ஃபங்ஷன் லெவலை (புதிய வசதிகளைத் திறக்கும் படிநிலை) ஆக்டிவேட் செய்ய வேண்டும். நிபந்தனை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கடந்த 18 மாதத்தில் ஓடிய எந்த பேக்கேஜும் (ப்ரோக்ராமின் எஸ்க்யூஎல்லை ஓடத் தயாராக மாற்றி வைத்த வடிவம்) டிபி2 11-க்கு முன் பைண்ட் ஆனதாக, அதாவது அப்படித் தயாரானதாக, இருக்கக் கூடாது. சிஸ்பேக்கேஜ் கேட்டலாக் டேபிளில் ரெல்பவுண்ட் (எந்த ரிலீஸில் பைண்ட் ஆனது), லாஸ்ட்யூஸ்டு (கடைசியாக ஓடிய நாள்) இரண்டையும் வைத்துப் பட்டியல் எடுத்து, எல்லாம் ஏபிரீயூஸ்(வார்ன்) போட்டு, அதாவது பழைய ஆக்சஸ் பாத்தையே (தரவை எடுக்கும் பாதை) முடிந்தவரை வைத்துக்கொள்ளச் சொல்லி, ரீபைண்ட் ஆயிற்று.

அன்று இரவு, நிமிடங்களில் முடிய வேண்டிய பேட்ச் ஜாப் மணிக்கணக்கில் நகரவில்லை. ஆக்சஸ் பாத்தைக் காட்டும் பிளான்_டேபிளில் மாறியிருந்தது ஒரே வரி. ஆக்சஸ்டைப் ‘ஐ’ (இண்டெக்ஸ் வழி), மேட்ச்கால்ஸ் (இண்டெக்ஸில் பொருந்திய நெடுவரிசைகள்) 3 என்றிருந்த இடத்தில் ‘ஆர்’, மேட்ச்கால்ஸ் 0. டேபிள் ஸ்பேஸ் முழுக்க ஸ்கேன். பழைய பாதையை மறுபடி எடுக்க முடியாதபோது வார்ன் எச்சரித்துவிட்டுப் புதுப் பாதைக்குப் போய்விடும். எரர் போட்டிருந்தால் அந்த ரீபைண்டே நின்றிருக்கும்.

முந்தைய காப்பிக்குத் திருப்பும் ஸ்விட்ச்(ப்ரீவியஸ்) கொடுத்ததும் ஜாப் முடிந்தது. காலையில் ஆக்டிவேட் கமாண்டை டெஸ்ட் என்று ஓட்டினால் மறுபடியும் தோல்வி. பழைய காப்பி திரும்பி வந்தபோது பழைய ரெல்பவுண்டும் கூடவே வந்துவிட்டது.

பேட்ச்ஜன்னல்:
ஸ்விட்ச் கொடுத்தது சரி. ஆனால் ஏபிரீயூஸ்மேல் பழி போடுவதை ஏற்க முடியாது. ரீபைண்டுக்கு முன்பே எக்ஸ்பிளெயின்(ஒன்லி) ஓட்டியிருந்தால் பேக்கேஜ் மாறாமல் பிளான்_டேபிள் மட்டும் நிரம்பியிருக்கும். அந்த ‘ஆர்’ பகலிலேயே கண்ணில் பட்டிருக்கும்.

இதைவிட மோசமான ஒன்று அடிக்கடி நடக்கிறது. ரீபைண்ட் ஆகிப் பாதை கெட்டதும், பதற்றத்தில் ரன்ஸ்டாட்ஸ் (டேபிளின் புள்ளிவிவரம் சேகரிக்கும் யூட்டிலிட்டி) ஓட்டிவிட்டு அதே பேக்கேஜை மறுபடி ரீபைண்ட் செய்கிறார்கள். பிளான்மேனேஜ்மென்ட் எக்ஸ்டெண்டெட் மூன்று காப்பிதான் வைத்திருக்கும்: கரண்ட், ப்ரீவியஸ், ஒரிஜினல். இரண்டாவது ரீபைண்டில் கெட்ட காப்பி ப்ரீவியஸுக்குப் போகும், நல்ல காப்பி அழிந்துபோகும். ஒரிஜினல் முதல் தடவை மட்டுமே எழுதப்படுவதால் அது எந்தக் காலத்துக் காப்பி என்றே சொல்ல முடியாது. ஆகவே வரிசை இதுதான்: முதலில் ஸ்விட்ச்(ப்ரீவியஸ்), பிறகு ரன்ஸ்டாட்ஸ், பிறகு எக்ஸ்பிளெயின்(ஒன்லி), பாதை சரியாக வந்த பிறகே ரீபைண்ட்.

ரன்ஸ்டாட்ஸும் கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம். ஸ்டேட்டஸ் என்ற நெடுவரிசையில் ஒரு மதிப்புக்கு லட்சக்கணக்கான வரி, இன்னொன்றுக்குச் சில நூறு என்று இருந்தால் ஃப்ரீக்வேல் (மதிப்புவாரிப் புள்ளிவிவரம்) எடுக்க வேண்டும். அதுவும் எஸ்க்யூஎல்லில் மதிப்பு லிட்டரலாக, அதாவது நேரடியாக, எழுதப்பட்டிருந்தால்தான் பலன் தரும். கோபோல் ப்ரோக்ராமில் ஹோஸ்ட் வேரியபிள் வழியாக வந்தால், ஓடும்போது பாதையை மறுபடி தேர்ந்தெடுக்கும் ரீஆப்ட் இல்லாதவரை, பைண்ட் நேரத்தில் ஆப்டிமைசருக்கு (பாதையைத் தேர்ந்தெடுக்கும் பகுதி) மதிப்பே தெரியாது. ஒன்றையொன்று சார்ந்த நெடுவரிசைகளுக்குக் கால்குரூப் (சேர்த்து எடுக்கும் புள்ளிவிவரம்) எடுங்கள். இல்லையென்றால் இரண்டு ஃபில்டரையும் தனித்தனியாகப் பெருக்கி, வரிகள் மிகக் குறைவு என்று நம்பிவிடும்.

ரிப்போர்ட்வரி:
இங்கே எல்லோரும் வேகத்தையே பேசுகிறீர்கள். ஜாப் ரிட்டர்ன் கோட் 0 (வெற்றி) தந்து, வெளியே போன ஃபைல் தப்பாக இருந்தால்?

டிபி2 10-ல் சார் (CHAR) ஃபங்ஷன் டெசிமலை எழுத்தாக்கும் விதம் மாறியது. டெசிமல்(5,2)-ல் உள்ள 1.50 முன்பு ஒரு வெற்றிடம், அதன்பின் 001.50 என்று ஏழு இடத்தையும் நிரப்பி வந்தது. மாறிய பின் 1.50 இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, வெற்றிடமெல்லாம் வலப்பக்கம். சப்ஸ்ட்ரிங் போட்டு நான்காவது இடத்திலிருந்து வெட்டும் ப்ரோக்ராம் எந்த எரரும் தராமல் வேறு எண்ணை எடுக்கும். பிஐஎஃப்_கம்பேட்டிபிலிட்டி பாராமீட்டர் பழைய வடிவத்தைக் காப்பாற்றித் தரும், ஆனால் ப்ரோக்ராமைத் திருத்தும் வரைக்கான ஏற்பாடு அது. ஐஎஃப்சிஐடி 376 ட்ரேஸைப் போட்டு வையுங்கள், எந்த பேக்கேஜ் பழைய நடத்தையை நம்பியிருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். மாதக் கடைசி ஓட்டம் முடியும் முன் அதை நிறுத்தாதீர்கள்.

பூல்கணக்கு:
ட்யூனிங் பக்கம் ஒன்று. பஃபர் பூலுக்கு (தரவுப் பக்கங்களை மெமரியில் வைக்கும் இடம்), பக்கங்களை நிஜ மெமரியில் நிலைநிறுத்தும் பிஜிஃபிக்ஸ்(யெஸ்), 1 எம்பி ஃப்ரேம் கேட்கும் ஃப்ரேம்சைஸ்(1எம்) என்று ஆல்டர் கொடுத்தாயிற்று, கமாண்டும் வெற்றி. சிபியு குறையவே இல்லை. டிஸ்ப்ளே பஃபர்பூல் டீடெயில் கொடுத்து டிஎஸ்என்பி546ஐ மெசேஜைப் படித்தால், விரும்பிய ஃப்ரேம் 1எம், கிடைத்ததில் பெரும்பகுதி 4கே. ஐஇஏசிஸ் சிஸ்டம் பாராமீட்டர்களில் பெரிய ஃப்ரேம்களுக்கு ஒதுக்கும் எல்எஃப்ஏரியா போதவில்லை.

கணக்கு எளிது. 4கே பக்கத்தில் விபிசைஸ் (பூலின் பக்க எண்ணிக்கை) 2,50,000 என்றால் 1 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. 1எம் பூல்கள் அத்தனையையும் கூட்டி, அதற்கு மேல் கொஞ்சம் வைத்து எல்எஃப்ஏரியா கேளுங்கள். அதை மாற்ற ஐபிஎல் (சிஸ்டம் ரீஸ்டார்ட்) வேண்டும், ஆகவே மைக்ரேஷன் அட்டவணையிலேயே சேர்த்துவிடுங்கள். பிஜிஃபிக்ஸ் மாற்றமும் பூல் மறுபடி அலொகேட் ஆகும்வரை பெண்டிங்தான். நிஜ மெமரி இறுக்கமாக இருக்கும் எல்பாரில் (மெயின்ஃப்ரேமைப் பிரித்த ஒரு பகுதி) இதைச் செய்யவே கூடாது, ஃபிக்ஸ் ஆன பக்கங்களின் சுமை மற்ற எல்லோர்மீதும் பேஜிங்காக விழும்.

லாக்ரேஞ்ச்:
பூலைவிட அவசரமானது ஒன்றிருக்கிறது. 12-க்கு வரும்முன் டிஎஸ்என்ஜேசிஎன்விடி யூட்டிலிட்டி ஓட்டி, லாக் விவரங்களை வைத்திருக்கும் பிஎஸ்டிஎஸ்ஸை 10 பைட் லாக் முகவரிக்கு (ஆர்பிஏ) மாற்றியதோடு வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது பேஜ் செட்டை (டேபிள், இண்டெக்ஸ் தரவு இருக்கும் இடம்) தொடவே தொடாது. சிஸ்டேபிள்பார்ட்டில் ஆர்பிஏ_ஃபார்மேட் ‘பி’ என்று இருப்பவை இன்னும் 6 பைட்தான். 2-ன் அடுக்கு 48, அதாவது 256 டெராபைட் லாக் எல்லை வந்தால் அவற்றில் அப்டேட் -904 எரர் வாங்கும், பக்கத்து டேபிளோ எதுவும் நடக்காததுபோல் ஓடும். ரீஆர்க் ஜாபில் ஆர்பிஏஎல்ஆர்எஸ்என்_கன்வர்ஷன் எக்ஸ்டெண்டெட் சேருங்கள். இண்டெக்ஸ் பார்ட்டையும் தனியே பாருங்கள்.

கேட்டலாக்:
பேட்ச்ஜன்னல் சொன்ன வரிசையில் போனதும் கால்குரூப்பில்தான் தீர்ந்தது. மேட்ச்கால்ஸ் மறுபடி 3, டெஸ்டும் சுத்தம். ட்ரிக்கர் பேக்கேஜ்கள் இரண்டு பட்டியலில் மிச்சம் இருக்கின்றன. அவற்றுக்குச் சாதாரண ரீபைண்ட் பேக்கேஜ் எடுபடாது, ரீபைண்ட் ட்ரிக்கர் பேக்கேஜ் கொடுக்க வேண்டும்.