38 வயசுல மாயாஜாலக் கதை எழுத ஆரம்பிக்கலாமா?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
வணக்கம். கொலுசுப் பட்டறையில வேலை. அம்மா ஊர் ஏற்காட்டுக்கு மேல ஒரு மலைக்கிராமம். சேர்வராயன் குகை காவிரி வரைக்கும் போகுதுங்கறது, காஞ்சியிலிருந்து அண்ணன் தம்பி மூணு பேர் மலையேறி வந்தது, இப்படிப் பாட்டி சொன்ன கதைகளை வச்சு அஞ்சு பாகமா நாவல் எழுத ஆசை. இந்த வயசுல ஆகுமா?

அடிவாரம் வாசகர்:
தாராளமா ஆகும் தம்பி. போலந்துல ஆந்த்ரேய் சப்கோவ்ஸ்கின்னு ஒரு மாயாஜாலக் கதை எழுத்தாளர், 1948ல பிறந்தவர். பொருளாதாரம் படிச்சிட்டு ஏற்றுமதி கம்பெனியில விற்பனை வேலை பார்த்தார். அவரோட முதல் 'விட்ச்சர்' (கூலிக்குப் பேய் பிசாசை வேட்டையாடறவன்) கதை 1986 டிசம்பர்ல ஒரு பத்திரிகைப் போட்டி மூலமா வெளிவந்தப்ப அவருக்கும் 38தான். மூணாம் பரிசு.

ஆனா அஞ்சு பாகத்துல ஆரம்பிக்காதீங்க. அவரே வருஷக்கணக்கா சிறுகதை எழுதிட்டுத்தான் 1994ல நாவலுக்கு வந்தார்.

அந்த முதல் கதையைப் படிங்க. ராஜா மகள் செத்துப் பிறந்து, ஸ்ட்ரிகாங்கற பேயா கல்லறையிலிருந்து எழுந்து ஆளைத் தின்னுது. மூணாவது கோழி கூவற வரைக்கும் அது தன் பெட்டிக்குள்ள திரும்பாம பாத்துக்கிட்டா சாபம் தீரும். அந்த விட்ச்சர் கெரால்ட் என்ன பண்றான்? அந்தப் பெட்டிக்குள்ள அவனே படுத்து மூடியை இழுத்துக்கறான்! கரு அவங்க நாட்டுப் பழங்கதைதான். கூலி பேசி வேலைக்கு வர்ற அந்த ஆள்தான் புதுசு. போலந்துல கிராகோவ் ஊர்ப் பழங்கதையில வர்ற டிராகனைக் கந்தகம் அடைச்ச ஆட்டைப் போட்டுக் கொன்னது ஒரு செருப்புத் தைக்கிறவர்னு அங்க சொல்வாங்க. சப்கோவ்ஸ்கிக்கு அது ஒப்பல. தொழில் தெரிஞ்சவனுக்குத்தானே அந்த வேலைன்னு யோசிச்சார்.

நீங்களும் குகையோட நிறுத்தாதீங்க. காவிரி வரைக்கும் வழிகாட்டறதே பொழைப்பா இருக்கற ஒருத்தி யாரு, அவளுக்கு யார் கூலி தர்றாங்கன்னு யோசிங்க.

மேட்டூர் ராணி:
ஒண்ணு சேர்த்துக்கறேன் அண்ணா. சப்கோவ்ஸ்கி தன் விட்ச்சர் கதைகளோட வீடியோ கேம் உரிமையை, லாபத்துல பங்கு வேண்டாம்னு மொத்தத் தொகைக்குக் கொடுத்துட்டார். கேம் பெரிய வெற்றி ஆனதும் 2018ல கேம் கம்பெனிகிட்ட 6 கோடி ஸ்லோட்டி (போலந்து பணம்) கேட்டு, 2019ல புது ஒப்பந்தம் போட வேண்டி வந்துச்சு. எழுதினதுக்கு அப்புறம் எதுல கையெழுத்துப் போட்டாலும் வக்கீல்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க.

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். வழிகாட்டற பொம்பளைன்னதும் எங்க பெரியம்மாதான் கண்ணு முன்னாடி நிக்கறாங்க. காபித் தோட்டத்துக்கு ஆள் கூட்டிட்டுப் போறதுதான் அவங்க தொழில். முதல்ல அந்த ஒரு கதை. முடிஞ்சதும் இங்கயே போடறேன், தயவு பாக்காம திருத்துங்க.