றிவோல்வர் உருளை சுற்றாமல் நின்றால்: தடக்கமா, இறுக்கமா, முடக்கமா?

உவர்மலை ஆசிரியர், திருகோணமலை:

அன்பர்களுக்கு வணக்கம். வலய மட்டப் போட்டிகளில் ஓட்டங்களைத் தொடக்கி வைக்கும் ஆசிரியர்களுக்காக ஒரு சிறு கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். குண்டில்லாத வெற்று ரவை போட்டுச் சுடும் றிவோல்வர் (ரவைகளைத் தாங்கிச் சுற்றும் உருளை உள்ள கைத்துப்பாக்கி) பற்றிய இயலில் நிற்கிறேன். அது ‘ஜாம்’ ஆகாமல் பார்ப்பது எப்படி, ஆகிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் இயல் முழுவதும். பேச்சில் ‘ஜாம் ஆகிட்டுது’ அல்லது ‘இறுகிட்டுது’ என்கிறோம். எழுத்தில் எதைப் போடுவது?

இது சின்ன விடயம் இல்லை. பிழையான தொடக்கம் நடந்தால் ஓடுபவர்களைத் திருப்பி அழைப்பது இரண்டாவது வேட்டுதான். அந்த நேரம் உருளை சுற்றாவிட்டால் நூறு மீற்றர் பிள்ளைகள் பாதித் தூரம் போய்விடுவார்கள். இங்கே கடற்காற்றில் உப்பு அதிகம். மாரி முழுக்க அலுமாரியில் கிடந்ததை இல்ல விளையாட்டுப் போட்டிக்கு எடுத்தால் உருளை அச்சில் துரு ஏறியிருக்கும்.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

‘சிக்கல்’ போதுமே ஐயா. ‘தோட்டா சிக்கிக்கொண்டது’ என்றால் யாருக்கும் புரியும். புதிதாக எதற்கு?

மட்டக்களப்பு, ஓய்வுபெற்ற பொறியியலாளர்:

‘சிக்கல்’ வேண்டாம். தானாக ரவை ஏற்றும் கைத்துப்பாக்கியில், கூட்டிலிருந்து மேலேறும் ரவை வழியில் சிக்கும். அங்கே அந்தச் சொல் சரி. றிவோல்வரில் எதுவும் ஏறி வருவதில்லை. ஒவ்வொரு ரவையும் தன் அறையிலேயே இருக்கிறது, உருளைதான் சுற்றி அடுத்த அறையைக் குழலுக்கு நேரே கொண்டுவருகிறது. 1836இல் சாமுவேல் கோல்ட் காப்புரிமை எடுத்த பொறிக்கும் இன்றுள்ளதற்கும் இந்த அடிப்படை ஒன்றே. ஆகவே நிற்பது உருளை. ஏன் நிற்கிறது என்று பார்த்தால் சொல்லும் பிடிபடும்.

பெரும்பாலும் கரிதான். உருளை முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் இடையே கால் மில்லிமீற்றர் இடைவெளி இருந்தாலே அதிகம். வெற்று ரவை கக்கும் கரி அதை விரைவில் நிரப்பிவிடும். அடுத்தது, சுட்ட ரவைகளின் வெறுங்கோதுகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் எரியாத வெடிமருந்துத் துகள் புகுவது. தகடு மயிரிழை உயர்ந்தாலும் உருளை பின்பக்கம் உராயும். அந்தத் தகட்டைத் தள்ளும் கோலின் திருகு தளர்ந்து கோல் நீண்டுவிட்டால் உருளை திறக்கவே வராது. ரவையின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு பின்னே பிதுங்கினாலும் உருளை சுற்றாது.

நின்றால் விசையை வலிந்து இழுக்கக்கூடாது, தட்டக்கூடாது. குழல்வாய் ஆளில்லாத பக்கம் இருக்க, விரலை எடுத்துவிட்டு உருளையைத் திறந்து ரவைகளை அகற்ற வேண்டும். திறக்க வராவிட்டால் ஆயுதம் திருத்தத் தெரிந்தவரிடம் அப்படியே கொடுக்க வேண்டும். கோதுகளைத் தள்ளும்போது குழல்வாயை மேலே பிடித்தால் துகள்கள் தகட்டடிக்குள் போகாமல் கீழே கொட்டிவிடும். தகட்டடியைத் துடைக்கப் பழைய பற்தூரிகை போதும். எண்ணெய் துளியளவு, அதற்கு மேல் விட்டால் அதுவே கரியைப் பிடித்து வைத்திருக்கும்.

யாழ்ப்பாணம், தமிழ் விரிவுரையாளர்:

‘ஜாம்’ பற்றிப் பேசுமுன் ‘றிவோல்வர்’ என்பதை எடுங்கள். ‘சுழலி’ என்று அழகான சொல் இருக்கிறது. ‘துப்பாக்கி’க்குக்கூட ‘துமுக்கி’ என்று எழுதுவோர் உண்டு. தொல்காப்பியர் வடசொல்லையே ‘வடவெழுத்து ஒரீஇ’, அதாவது வடமொழி எழுத்தை விலக்கி, வரச் சொன்னார். அந்த விதிப்படி ஜகரத்தை நீக்கி எழுதினால் ‘சாம்’ என்று வரும். அது பழந்தமிழில் ‘சாகும்’ என்ற வினைமுற்று. துப்பாக்கிக் கையேட்டில் அப்படி ஒரு சொல் நிற்கலாமா?

கோயம்புத்தூர், மாணவி:

துப்பாக்கி தமிழ்ச்சொல்தானே ஐயா? ‘துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி’ என்று பன்னிரண்டாவது குறளிலேயே வருகிறதே. துப்பு என்றால் வலிமை. வலிமை தருவது துப்பாக்கி என்று கொள்ளலாம்.

யாழ்ப்பாணம், தமிழ் விரிவுரையாளர்:

மகளே, குறளில் அது ‘துப்பு ஆக்கி’. உண்பவர்க்கு உணவை உண்டாக்கி, தானும் உணவாகும் மழையைச் சொல்கிறார். சுடுகருவியின் பெயர் துருக்கியிலிருந்து இந்துஸ்தானி வழியாக வந்து சேர்ந்தது. ஒலி ஒன்றாக இருப்பது தற்செயல். ஆனால் துப்பாக்கி உறுப்புகளுக்கு நம்மவர் வைத்த பெயர்கள் அருமையானவை. பின்னே இழுத்து நிறுத்தும் அடிப்பானுக்குக் ‘குதிரை’ என்று பெயர். அகராதியில் இருக்கிறது. கையேட்டில் ‘சுத்தியல்’ என்று போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள்.

லண்டன், மென்பொருளாளர்:

குதிரையை விசைக்கும் சொல்கிறார்கள், அடிப்பானுக்கும் சொல்கிறார்கள். பாதுகாப்புக் கையேட்டில் இரட்டைப் பொருள் வேண்டாம். பேச்சை உருளைக்குத் திருப்புவோமா?

மூதூர், தமிழாசிரியர்:

‘தடக்கம்’ என்பது என் முன்மொழிவு. கல் தடக்கி விழுந்தான் என்கிறோம். ஓடிக்கொண்டிருந்த ஒன்று வழியில் தட்டுப்பட்டு நிற்பதுதான் தடக்குதல், சுற்றிவந்த உருளை கரியில் பட்டு நிற்பதும் அதுவே. அடங்கு, அடக்கு, அடக்கம். முடங்கு, முடக்கு, முடக்கம். அந்த வரிசையில் தடங்கு, தடக்கு, தடக்கம். ஆக்கத்தில் வழு இல்லை. ‘உருளைத் தடக்கம்’ என்று போடலாம்.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

இங்கே ‘தடக்கி விழுந்தான்’ யாரும் சொல்வதில்லை, ‘தடுக்கி விழுந்தான்’ என்போம். ‘தடங்கல்’ தெரியும், ஆனால் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற தொலைக்காட்சி அறிவிப்புதான் நினைவுக்கு வரும். ‘முடக்கம்’ ஏன் கூடாது? தினமும் செய்தியில் படிக்கிற சொல்.

நிலாவெளி, விளையாட்டுப் பயிற்றுநர்:

நான் தமிழ் படித்தவன் அல்ல, ஆனால் இதைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் பக்கத்தில் ‘ஜாம்’ என்று இரண்டு வேறு விடயங்களைச் சொல்கிறார்கள். உருளை சுற்றாமல் நிற்பது ஒன்று. குதிரை விழுந்து ‘டிக்’ என்று கேட்டும் வெடிக்காதது மற்றொன்று. செய்ய வேண்டியது இரண்டுக்கும் வேறு. வெடிக்காவிட்டால் மருந்து உள்ளே மெல்லப் பற்றிக்கொண்டிருக்கலாம். குழல்வாயை ஆளில்லாத பக்கம் பிடித்தபடி குறைந்தது 30 வினாடி காத்திருக்க வேண்டும். உடனே விசையை மறுபடி இழுத்தால் அந்த ரவை குழலுக்கு நேரே இருந்து விலகிப் பக்கத்தில் போய் வெடிக்கலாம். வெற்று ரவை என்றாலும் சூடும் துகளும் கையில் அடிக்கும். ‘முடக்கம்’ என்று எழுதினால் இரண்டும் அதற்குள் போய்விடும். வாசிக்கும் சேர் எதைச் செய்வார்?

மட்டக்களப்பு, ஓய்வுபெற்ற பொறியியலாளர்:

தம்பி சொல்வதுதான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும். வெடிக்காததற்கு ‘வெடியாமை’ தனியாக இருக்கட்டும். உருளைக்கு மூதூர் சேரின் ‘தடக்கம்’ பொருந்துகிறது. ‘இறுக்கம்’ என்பதையும் விட வேண்டாம். உருளை ஒரேயடியாக நிற்பதில்லை, முதலில் விசை கனக்கும், உருளையைக் கையால் சுற்றினால் ஓரிடத்தில் பிடிக்கும். அது இறுக்கம். அந்த நிலையிலேயே துடைத்துவிட்டால் தடக்கம் வராது. தவிர்ப்பது பற்றிய பகுதிக்கு இந்தச் சொல் தேவை.

யாழ்ப்பாணம், தமிழ் விரிவுரையாளர்:

இதற்கு உடன்படுகிறேன். ‘றிவோல்வர்’ மட்டும் வேண்டாம்.

உவர்மலை ஆசிரியர், திருகோணமலை:

அனைவருக்கும் நன்றி. நாளை அச்சகத்துக்குப் போகிறது. ‘இறுக்கம்’, ‘உருளைத் தடக்கம்’, ‘வெடியாமை’ மூன்றையும் இந்த வரிசையில் போடுகிறேன். தடக்கம் முதலில் வரும் இடத்தில் ‘உருளை சுற்றாமல் நிற்பது’ என்று விளக்கம் சேர்க்கிறேன். இயலின் தலைப்பில் ‘றிவோல்வர்’ இருக்கும். மைதானத்தில் நிற்கும் சேர்மார் அந்தப் பெயரைச் சொல்லித்தான் துப்பாக்கியைக் கேட்பார்கள். அடிப்பானுக்குக் ‘குதிரை’ வைக்கிறேன், படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டினால் விசையோடு குழம்பாது.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

‘வெடியாமை’க்கு முழு ஒப்புதல். ‘தடக்கம்’ இலங்கைக் கையேட்டுக்குச் சரி, எல்லோருக்குமான பொதுச்சொல்லாக்குவதை நான் ஏற்கவில்லை. இங்கே விளையாட்டு ஆசிரியர்களுக்கு இதே போல ஒன்று எழுத நேர்ந்தால் ‘உருளை நின்றுபோதல்’ என்றே எழுதுவேன்.